வகுப்பறைக் கற்பித்தல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் பல ஆண்டுகள் பாடம் நடத்திப் பழகியவர்களும் பயிற்சிக் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி விளக்காமல், அது எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று குறித்திருக்கிறேன்.

1. இன்று வகுப்பு நன்றாகப் போனது என்று எதை வைத்துச் சொல்வது?

மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள், எடுத்த பாடப்பகுதி மணி அடிப்பதற்குள் முடிந்தது, எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள் என்பவை வகுப்பு ஒழுங்காக நடந்ததற்கு அடையாளங்கள். மாணவர்கள் கற்றார்கள் என்பதற்கு இவை சான்றாகா. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் மாணவர், ஒரு வரியின் பொருளும் தெரியாமல் அழகான கையெழுத்தில் பக்கத்தை நிரப்பிவிட முடியும்.

வகுப்பை விட்டு வெளியே வரும்போது 'இன்று என்ன நடத்தினேன்' என்ற கேள்விக்கு எந்த ஆசிரியரும் விடை சொல்லிவிடுவார். 'எது விளங்கியது, யாருக்கு எந்த இடத்தில் தடுக்கியது, அது எனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கும் விடை சொல்ல முடிந்தால் அதை நல்ல வகுப்பு என்பேன். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியவைதான்.

2. புதுப் பாடத்தை எப்படித் தொடங்குவது? கதை சொல்லித் தொடங்கலாமா?

கதை சொல்லலாம். ஆனால் அதற்கு முன், இந்தப் பாடத்துக்குத் தேவையான பழைய அறிவு மாணவர்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கற்றலைப் பாதிக்கும் காரணிகளுள் மிக முக்கியமானது மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதுதான் என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-இல் எழுதினார். பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறவர், மீச்சிறு பொது மடங்கு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று அறியாமல் தொடங்கினால், பாதி வகுப்பு முதல் வரியிலேயே பின்தங்கிவிடும். முந்தைய பாடத்திலிருந்து மூன்று, நான்கு குறுங்கேள்விகளைப் பலகையில் எழுதி, எல்லோரையும் நோட்டில் விடை எழுதச் சொல்லி, ஐந்து முதல் எட்டு நிமிடங்களுக்குள் சரிபார்த்துவிட்டால் இந்தத் தேவை நிறைவேறும்.

பழைய அறிவு என்பதில் பழைய தவறான எண்ணமும் அடங்கும். செடி தன் உடலுக்கு வேண்டிய பொருள் முழுவதையும் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று நம்பும் மாணவர், ஒளிச்சேர்க்கைப் பாடத்தைக் கேட்ட பிறகும் அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, தேர்வுக்கு மட்டும் சமன்பாட்டை மனப்பாடம் செய்வார். அவரிடம் 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் செய்த சோதனையைச் சொல்லலாம். அவர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டி மண்ணில் நட்டு ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 160 பவுண்டுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணின் எடையோ சில அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. 'அப்படியென்றால் இந்த எடை எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் பாடம் பழைய எண்ணத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. கதையாலும் இப்படி ஒரு வேலை நடக்க வேண்டும்.

3. ஒரு பாடவேளையில் எவ்வளவு புதிய செய்தி சொல்லலாம்?

நாம் நினைப்பதைவிடக் குறைவாக. மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்துக் கையாளக்கூடிய புதிய துணுக்குகள் ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. பாடம் நமக்குப் பழகியது. பத்துப் படிகள் நம் மனத்தில் ஒரே படியாகச் சுருங்கி நிற்கின்றன. முதன்முறை கேட்கும் மாணவருக்கு அவை பத்தும் தனித்தனிச் சுமை.

ஆகவே ஒரு சிறு பகுதியைச் சொல்லி, அதை அவர்கள் செய்து பார்த்த பிறகு அடுத்ததற்குப் போவதே சரி. எழுத்து மிகுந்த படத்தைத் திரையில் காட்டிக்கொண்டே வேறு வாக்கியங்களைப் பேசுவது, படம் ஒரு பக்கமும் அதன் விளக்கம் மறுபக்கமும் இருப்பது, பாடத்துக்குத் தொடர்பில்லாத சுவையான துணுக்குகளை நடுவே நுழைப்பது ஆகிய மூன்றும் பாடத்தின் கடினத்தைக் கூட்டாமலேயே மாணவரின் சுமையைக் கூட்டுகின்றன.

4. ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்கிறார்கள். நான் நிறையப் பேசுகிறேனோ?

பேச்சின் நீளத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. திறம்படக் கற்பித்தோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த பாரக் ரோசன்ஷைன் ஒரு கணித ஆய்வைக் குறிப்பிடுகிறார். 40 நிமிடப் பாடவேளையில், மிகுந்த பயன் விளைத்த ஆசிரியர்கள் ஏறத்தாழ 23 நிமிடங்களை விளக்கம், செய்துகாட்டல், கேள்வி, மாதிரிக் கணக்கு ஆகியவற்றுக்குச் செலவிட்டார்கள். குறைந்த பயன் விளைத்தவர்கள் 11 நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு மாணவர்களைத் தாமே பயிற்சி செய்ய விட்டார்கள். முன்னவர்கள் கூடுதலாகப் பேசியவர்கள்தாம். ஆனால் அந்தப் பேச்சு கேள்விகளாலும் இடைச் சோதனைகளாலும் துண்டு துண்டாக உடைந்திருந்தது. இருபது நிமிடம் மூச்சுவிடாமல் நடத்தும் விரிவுரையை இந்த எண்ணிக்கை நியாயப்படுத்தாது.

5. கேள்வி கேட்டால் எப்போதும் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

முதலில் காத்திருக்கப் பழக வேண்டும். 1970-களில் மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்டார்கள் அல்லது தாமே சொல்லிவிட்டார்கள். இந்த இடைவெளியை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மாணவர் பேசி முடித்த பிறகும் இதே அளவு பொறுத்தால், பலர் தம் விடையைத் தாமே தொடர்ந்து விரிக்கிறார்கள். மூன்று நொடி அமைதி ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும். அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்வதும் தொழில்திறன்தான்.

அடுத்ததாக, கை தூக்குவதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டு, இடைவெளி விட்டு, அதன் பின்னரே பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்ற அனைவரும் அந்த நொடியிலேயே சிந்திப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறு பலகை அல்லது தாளில் எல்லோரும் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும் முறை இன்னும் நல்லது. யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. யாரும் தனியாக மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் வகுப்பென்றால், முதலில் பக்கத்திலிருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லிவிட்டுக் கேட்கலாம்.

6. 'புரிந்ததா' என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தேர்வில் மட்டும் ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கட்டும். 'புரிந்ததா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லத் துணிவு வேண்டும். புரியாததை அடையாளம் காணும் அறிவும் வேண்டும். தவறாகப் புரிந்துகொண்ட மாணவர் பொய் சொல்வதில்லை. தமக்குப் புரிந்துவிட்டது என்றே உண்மையாக நம்புகிறார். எனவே இந்தக் கேள்வி எத்தனை அன்பாகக் கேட்கப்பட்டாலும் நமக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை. ஒவ்வொரு வகையான தவறான எண்ணமும் வெவ்வேறு விடைக்கு இட்டுச் செல்லும்படி அமைந்த கேள்வி அதன் இடத்தில் வர வேண்டும்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். '0.5, 0.45, 0.405 ஆகியவற்றுள் எது பெரியது' என்ற கேள்வி நல்ல கேள்வி போலத் தெரியும். '405 என்பது 45-ஐவிடப் பெரியது' என்று எண்ணும் மாணவர் 0.405 என்று சொல்லி அகப்பட்டுக்கொள்வார். ஆனால் இன்னொரு வகை மாணவர் இருக்கிறார். பத்தில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சிறியது என்று கற்றதைத் தவறாக நீட்டி, இலக்கங்கள் கூடக் கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று நம்புபவர். அவர் 0.5 என்று சரியான விடையைச் சொல்வார்; நாமும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதே கேள்வியை '0.3, 0.35, 0.347' என்று மாற்றிப் பாருங்கள். முதல் வகை மாணவர் 0.347 என்பார், இரண்டாம் வகை மாணவர் 0.3 என்பார், இடமதிப்பு விளங்கியவர் 0.35 என்பார். மூன்று விடைகளும் மூன்று மனநிலைகளைத் தனித்தனியே காட்டுகின்றன. எல்லோரும் தாளில் எழுதித் தூக்கிக் காட்ட ஒரு நிமிடம் போதும்.

பாடத்தின் நடுவில், இதற்கு மேல் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய ஓரிடம் இருக்கும். அந்த இடத்துக்கு இப்படி ஒரு கேள்வியை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் இதை உருவாக்குவது அனுபவமிக்கவர்களுக்கும் கடினம். நல்ல மூலப்பொருள் சென்ற ஆண்டு விடைத்தாள்களில் இருக்கிறது. மாணவர்கள் மீண்டும் மீண்டும் செய்த தவறுகளைக் குறித்து வைத்தால் அவையே அடுத்த ஆண்டின் விடைத் தெரிவுகள்.

7. அப்படிக் கேட்டதில் பாதிப் பேர் தவறாகச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது?

எத்தனை பேர் தவறினார்கள் என்பதைப் பொறுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இங்கு உதவும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையை வெளியிடாமல், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதிடச் சொல்லி, மீண்டும் அதே கேள்விக்கு விடை கேட்பார்கள். சரியான விடைக்குக் காரணம் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருப்பதால் பலர் தாமே திருந்துகிறார்கள். முப்பதுக்கும் குறைவென்றால் வாதம் பயன் தராது, வேறு உதாரணத்தோடு மறுபடி விளக்க வேண்டும். எழுபதுக்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டுத் தொடரலாம். எஞ்சியவர்களைப் பயிற்சி நேரத்தில் தனியே பார்க்கலாம்.

8. தவறாகச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் திருத்தலாமா? மனம் உடைந்துவிடாதா?

திருத்தத்தான் வேண்டும், மழுப்பிவிட்டால் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் அந்தத் தவறைச் சரியென்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஆராய வேண்டியது விடையை, விடை சொன்னவரை அன்று. 'இந்த விடைக்கு எப்படி வந்தாய்' என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குரலில் கேட்டுப் பழகிவிட்டால், அது குற்றச்சாட்டாகத் தோன்றாது. தவறுக்கு மட்டும் காரணம் கேட்கும் வகுப்பில், காரணம் கேட்கப்பட்ட உடனேயே மாணவர் தம் விடையை மாற்றிக்கொள்வார்.

ஒருவர் 'தெரியாது' என்றால், வேறொருவரின் விடையைக் கேட்டபின் முதலாமவரிடமே திரும்பி வந்து அதை அவர் சொற்களில் சொல்லச் சொல்லலாம். தவறிய விடையைக் கேட்டு ஒருவர் சிரித்தால், அந்தச் சிரிப்பை அந்தக் கணத்திலேயே நிறுத்துவது ஆசிரியரின் கடமை. அதைக் கண்டும் காணாமல் விடுகிற வகுப்பில் ஐந்தாம் கேள்வியில் சொன்ன எந்த உத்தியும் எடுபடாது.

9. நடத்தியபோது நன்றாகச் சொன்னார்கள், ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டதே?

மறப்பது இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மையே சோதித்து, மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடப்பதை அளந்து காட்டினார். ஆறாம் கேள்வியில் சொன்ன சோதனை அந்த நேரத்துப் புரிதலைத்தான் காட்டுகிறது. அது நினைவில் நிலைக்க வேண்டுமானால் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுக்க வேண்டும்.

இதில் மாணவர்களும் பெற்றோரும் நம்ப மறுக்கும் ஒரு முடிவு உண்டு. ரோடிகர், கார்பிக் ஆகிய இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்களையும், படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். திரும்பப் படிக்கும்போது பாடம் பழக்கமானதாகத் தோன்றுகிறது, அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எனவே இரண்டாம் கேள்வியில் சொன்ன தொடக்கக் கேள்விகளில் ஒன்று நேற்றைய பாடத்திலிருந்தும், ஒன்று சென்ற வாரத்திலிருந்தும், ஒன்று சென்ற மாதத்திலிருந்தும் இருக்கட்டும். மதிப்பெண் வேண்டாம், பயமில்லாமல் நினைவுகூர்ந்தாலே போதும்.

10. ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை போட்டால்தானே கை பழகும்?

முதல் மூன்று, நான்கு கணக்குகளுக்கு அது சரி. அதன் பிறகு கலந்து தருவது நல்லது. பரப்பளவுப் பயிற்சியில் பத்தும் பரப்பளவுக் கணக்குகளாகவே இருந்தால், மாணவர் வினாவைப் படிக்கவே தேவையில்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக்கொண்டே போகலாம். தேர்வில் சுற்றளவும் பரப்பளவும் அடுத்தடுத்து வரும்போது எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய அவர் ஒருநாளும் பயிற்சி பெற்றிருக்க மாட்டார்.

ரோரர், டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திண்ம உருவங்களின் கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள், பின்னவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள். பயிற்சி நேரத்தில் தடுமாற்றம் தெரிவதைக் கண்டு கலவைப் பயிற்சியைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே இந்த எண்களைத் தருகிறேன்.

11. மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டுமா, நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? இரண்டையும் ஆதரித்துப் பேசுகிறார்களே.

கற்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. புதிதாகக் கற்பவருக்குத் தீர்த்துக் காட்டிய மாதிரிக் கணக்குகள் அதிகம் உதவுகின்றன என்று ஜான் ஸ்வெல்லரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1980-களிலிருந்து காட்டி வந்திருக்கிறார்கள். வழிகாட்டல் இன்றித் தேடும்போது, மூன்றாம் கேள்வியில் சொன்ன அந்தச் சிறிய மன இடம் முழுவதும் தேடுவதிலேயே தீர்ந்துபோகிறது. ஆனால் அடிப்படை வசமானவருக்கு அதே மாதிரிக் கணக்குகள் தடையாகிவிடுகின்றன என்பதும் ஆய்வுகளில் கண்ட உண்மை. அவருக்குத் தேவை புதிய சிக்கல்.

நடைமுறையில், முழுவதும் தீர்த்த கணக்கு, கடைசிப் படி விடுபட்ட கணக்கு, பாதி விடுபட்ட கணக்கு, வினா மட்டும் என்று படிப்படியாகத் தாங்கலை, அதாவது நாம் தரும் உதவியை, எடுத்துக்கொண்டே போகலாம். ஒரு படியில் வகுப்பின் விடைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக வரும்போது அடுத்த படிக்குச் செல்வது நல்ல வேகம். வகுப்பில் ஆராய்ச்சிச் செயல்பாடுகள் கூடாது என்று நான் சொல்லவில்லை. அறிவின் மேல் நின்று தேடும்போதுதான் அவை பலன் தருகின்றன.

12. சிலர் பார்த்துக் கற்பார்கள், சிலர் கேட்டுக் கற்பார்கள் என்று தனித்தனியாக நடத்த வேண்டுமா?

வேண்டாம். 2008-இல் பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் இதைப் பற்றிய ஆய்வுகளை அலசி, மாணவரை வகைப்படுத்தி அந்த வகைக்கேற்ப நடத்துவதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தார்கள். முறையைத் தீர்மானிக்க வேண்டியது பாடத்தின் இயல்பு. நிலப்படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும், கவிதையின் ஓசையை எல்லோரும் கேட்க வேண்டும்.

13. குழுவாக உட்கார வைத்தால் ஒருவர் மட்டும் வேலை செய்கிறார், மற்றவர்கள் அரட்டை அடிக்கிறார்கள்.

ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறையில், பாடம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு மட்டும் தரப்படுகிறது. ஒருவர் தம் பகுதியைக் கற்று மற்றவர்களுக்குச் சொன்னால்தான் அவர்களுக்குப் பாடம் முழுமையாகும். இறுதியில் ஒவ்வொருவரும் முழுப் பாடத்திலிருந்தும் தனித்தனியே விடை எழுத வேண்டும். குழு வேலையின் முடிவில் தனி விடை கேட்கும் பழக்கம் எந்த முறைக்கும் பொருந்தும்.

14. சத்தத்தை அடக்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கண்டிப்பாக இருந்தால்தான் அடங்குவார்களா?

ஜேக்கப் கூனின் பல வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒழுங்காக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்களும் குழப்பமான வகுப்புகளின் ஆசிரியர்களும் குறும்பு நடந்த பிறகு கண்டித்த விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. குறும்பு தொடங்கும் முன் செய்தவற்றில்தான் வேறுபாடு இருந்தது. ஒழுங்கான வகுப்புகளின் ஆசிரியர்கள், வகுப்பின் எல்லா மூலையிலும் என்ன நடக்கிறது என்பது தமக்குத் தெரியும் என்று மாணவர்கள் உணரும்படி நடந்துகொண்டார்கள், ஒரு மாணவருக்கு உதவிக்கொண்டே மற்றவர்களையும் கவனித்தார்கள், ஒரு செயலிலிருந்து அடுத்ததற்குத் தொய்வில்லாமல் மாறினார்கள்.

பெரும்பாலான சத்தம் இந்த மாறும் நேரங்களில்தான் பிறக்கிறது. நோட்டு விநியோகிக்கும்போது, ஆசிரியர் முதுகைக் காட்டிப் பலகையில் நெடுநேரம் எழுதும்போது, முதலில் முடித்தவர் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும்போது என்று அந்த நேரங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான வழக்கத்தை ஆண்டின் முதல் வாரத்தில் பாடம் போலவே கற்றுக்கொடுத்து, செய்து பார்க்க வைக்க வேண்டும். தாள் வாங்கும் முறைக்கு ஒத்திகை பார்ப்பது நேர விரயமாகத் தோன்றலாம். அந்த நேரம் ஆண்டு முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

15. நோட்டு திருத்தியே மாலைப் பொழுது தீர்கிறது. அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லையே?

மதிப்பெண் பக்கத்திலிருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்றும் எண்ண வேண்டாம். குளூகர், டெனிசி ஆகியோர் 1996-இல் தொகுத்த ஆய்வு முடிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. 'கெட்டிக்காரர்', 'கவனம் போதாது' என்று கவனத்தை ஆள்மேல் திருப்பும் சொற்களைத் தவிர்த்து, அடுத்து செய்ய வேண்டிய வேலையைச் சொல்லுங்கள்.

'இந்தப் பத்தியில் இரண்டு கூற்றுகளுக்குச் சான்று இல்லை. எவை என்று கண்டுபிடித்துச் சேர்' என்று எழுதி, அதைச் செய்ய வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்தால் திருத்தியது வீணாகாது. எல்லா நோட்டையும் முழுதாகத் திருத்த வேண்டியதும் இல்லை. கட்டு முழுவதையும் ஒருமுறை வாசித்து, பொதுவான மூன்று தவறுகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அவற்றை வகுப்புக்கே நடத்துவது பல வேளைகளில் கூடுதல் பயன் தருகிறது.

16. வேகமாகப் படிப்பவரும் மெல்லக் கற்பவரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். யாருக்காக நடத்துவது?

ஜான் கரோல் 1963-இல் ஒரு பயனுள்ள பார்வையை முன்வைத்தார்: திறமை என்பதைப் பெரும்பாலும் கற்பதற்குத் தேவைப்படும் நேரமாகக் கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் இலக்கு எல்லோருக்கும் ஒன்றாகவும், நேரமும் தாங்கலும் வேறுபட்டும் இருக்க வேண்டும். மெல்லக் கற்பவருக்கு எளிய இலக்கை வைத்தால் இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் அகலும். ஒரே வினாவுக்கு ஒருவருக்குப் பாதி தீர்த்த மாதிரியும் (11-ஆம் கேள்வி), இன்னொருவருக்கு வினா மட்டுமாகவும் தரலாம். விரைந்து முடிப்பவருக்கு அதே வகைக் கணக்கை மேலும் ஐந்து கொடுப்பது தண்டனை போன்றது. 'இந்த விடை தவறாகும்படி ஓர் எண்ணை மட்டும் மாற்று' என்பது போன்ற ஆழமான வேலை கொடுங்கள்.

நம்மையறியாமல் செய்யும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மேரி பட் ரோவின் பதிவுகளில், நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர்கள் கருதியவர்களுக்கே காத்திருப்பு நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கூடுதல் நேரம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது மறுக்கப்பட்டது.

17. காணொளி, திரை எல்லாம் இருந்தால்தான் கவனிக்கிறார்கள். அது போதுமா?

கண் திரையில் இருப்பது சிந்தனை நடப்பதற்குச் சான்றன்று. காணொளியை இரண்டு, மூன்று இடங்களில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும், ஏன்' என்று எழுதச் சொன்னால் அது பாடமாகும். இதயத்தின் இயக்கம், கோள்களின் சுழற்சி போன்று பலகையில் காட்ட முடியாத அசைவுகளுக்கு அது ஈடற்றது. மற்றவற்றுக்குப் பலகையும் சுண்ணக்கட்டியும் குறைந்தவை அல்ல.

18. மூன்று முறை மாற்றி மாற்றிச் சொல்லியும் ஒரு கருத்து மட்டும் விளங்கவே மாட்டேன் என்கிறது. இனி என்ன செய்வது?

நான்காவது முறை சொல்வதை நிறுத்திவிட்டு, மாணவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், பலர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போடுகிறார்கள். நியூட்டனின் இயக்க விதியை அவர்கள் சரியாக ஒப்பிப்பார்கள். ஆனால் பொருள் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையில் விசை இருந்தே தீரும் என்ற எண்ணம் அடியில் கிடக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், கையை விட்டகன்ற பந்தின்மேல் ஈர்ப்பு விசை ஒன்றுதான் செயல்படுகிறது. 'அந்த மேல்நோக்கிய விசையை இப்போது எந்தப் பொருள் தருகிறது, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது' என்று கேட்கும்போதுதான் மாணவர் தம் அம்புக்குறியைத் தாமே ஐயுறத் தொடங்குகிறார்.

எத்தனை முறை சொன்னோம் என்பதைவிட, எந்த எண்ணம் வழிமறிக்கிறது என்று கண்டறிந்தோமா என்பதே கேட்க வேண்டியது. சில வேளைகளில் தடை இரண்டு வகுப்புகளுக்கு முந்தைய பாடத்தில் இருக்கும். அங்கே இறங்கிப் போவதில் இழுக்கில்லை.

19. இத்தனையும் செய்தால் போர்ஷன் முடியாது. தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது?

இது நியாயமான கவலை; எளிதாகத் தட்டிவிடக் கூடியது அன்று. பாடத்திட்டம் பெரிது, நாள்கள் குறைவு, தேர்வு தேதி நம் கையில் இல்லை. இருந்தாலும் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாவது, விளங்காமல் முடித்த பாடம் திருப்புதல் நேரத்தில் முழுதாகத் திரும்பி வருகிறது. அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் 'முடித்த' நேரத்தை அளக்க வேண்டும். இரண்டாவது, எல்லாப் பகுதிகளும் ஒரே எடை உடையவை அல்ல. இடமதிப்பு, பின்னம், விகிதம் போன்றவற்றின் மேல் பின்வரும் பல பாடங்கள் எழும்புகின்றன. வேறு சிலவற்றின் மேல் எதுவும் எழும்புவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இவற்றைப் பிரித்து, முன்னவற்றுக்கு நேரத்தைத் தாராளமாகவும் பின்னவற்றுக்குச் சிக்கனமாகவும் ஒதுக்குங்கள்.

தலைமையாசிரியரிடம் பேசும்போது ஆறாம் கேள்வியில் சொன்ன விடைத்தாள்களை எடுத்துச் செல்லுங்கள். 'மெதுவாகப் போகிறேன்' என்பதைவிட, 'இந்தக் கேள்விக்கு இத்தனை பேர் இப்படி எழுதினார்கள், அதனால் இரண்டு பாடவேளை கூடுதலாக எடுத்தேன், இப்போது இப்படி எழுதுகிறார்கள்' என்பது எடுபடும்.

20. என் வகுப்பைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. நான் முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பாடவேளையின் ஒலியை, பள்ளியின் அனுமதியோடு, கைப்பேசியில் பதிவு செய்து தனியே கேளுங்கள். உங்கள் குரலையோ நடையையோ மதிப்பிட வேண்டாம். எண்ணக்கூடியவற்றை மட்டும் எண்ணுங்கள்: கேள்விக்குப் பிறகு எத்தனை நொடி விட்டீர்கள், எத்தனை வெவ்வேறு மாணவர்களின் குரல் கேட்கிறது, எத்தனை முறை 'புரிந்ததா' என்றீர்கள், உங்கள் கேள்விக்கு நீங்களே எத்தனை முறை விடை சொன்னீர்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து சில வாரங்கள் மாற்ற முயன்று, மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து பழக்கங்களை மாற்ற முயன்றவர்கள் பெரும்பாலும் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால், காத்திருப்பு நேரத்தில் என்பேன். அதற்குத் தயாரிப்பும் பொருளும் தேவையில்லை, நாளைய முதல் பாடவேளையிலேயே தொடங்கலாம்.